கண்ணாடி தலையில் இருக்கிறது என்று சொன்னவன்

தம்பி, நீ இதைப் படிக்கும்போது உன் எதிரே உன்னைப் பெற்ற அய்யா உட்கார்ந்திருப்பார். அவரிடம் எதுவும் கேட்காதே. முதலில் ஒரு டீ வாங்கிக் கொடு. உச்சிப்புளியில் ரயில் ஏறியதிலிருந்து வாயில் ஒன்றும் போட்டிருக்க மாட்டார். உன்னைக் கையைப் பிடித்து இழுத்து வரச் சொல்லித்தான் அவரை அனுப்புவதாக இருந்தேன். அவர் கேட்கவில்லை. "தோளுக்கு மேல வளந்த பயல இழுத்தா வருவானா? நீ சொல்ல வேண்டியத எழுதிக் குடு. கொண்டுபோய்க் குடுக்குறேன். அவனாப் படிச்சு முடிவு பண்ணட்டும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

எழுதுவது என்றால், தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து நான் சொல்கிறேன், தரையில் உட்கார்ந்து உன் தங்கை எழுதுகிறாள். "நீங்க பேசுற மாதிரியே எழுதினா அண்ணன் சிரிப்பான். நல்ல தமிழ்ல நான் எழுதிக்கிறேன், நீங்க விசயத்த விடாமச் சொல்லுங்க" என்கிறாள். பதினொன்றாம் வகுப்புக்குப் போனதிலிருந்து வீட்டில் அவள்தான் வாத்தியார். நான் மறந்ததைக்கூட அவள் குறித்து வைத்திருக்கிறாள். ஆகவே இதில் ஒழுங்கு அவளுடையது, நடுக்கம் என்னுடையது. இதற்கு நகல் எடுத்து, பிள்ளைகளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பக் காத்திருக்கும் மற்ற வீடுகளுக்கும் கொடுக்கப்போகிறாளாம். கொடுக்கட்டும். அதற்காகவே இதில் யார் பெயரும் இல்லை.

போனில் நான் சொன்னதை நீ நம்பவில்லை. "எவனோ வெளாடியிருக்கான்மா, இதுக்குப் போயி பயப்படுறிய" என்றாய். அதற்குப் பிறகு நீ போனை எடுக்கவில்லை. நான் பதறிச் சொன்னதில் பாதி உனக்குப் புரிந்திருக்காது. இப்போது முதலிலிருந்து சொல்கிறேன்.

வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏற நீ சென்னைக்குக் கிளம்பிய அடுத்த வாரம். முற்பகல் நேரம், பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தேன். நீ எனக்குத் திறந்து கொடுத்த மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்தது. மேலே நம் வங்கியின் சின்னம், அதே நிறம், அதே எழுத்து. என் விவரங்களைப் புதுப்பிக்காததால் மாலைக்குள் கணக்கு முடங்கிவிடும், உடனே கீழே உள்ள நீலப் பட்டையைத் தொட வேண்டும் என்று இருந்தது. தங்கையின் படிப்புக்கென்று சேர்த்ததெல்லாம் அந்தக் கணக்கில்தான் கிடக்கிறது என்பது உனக்குத் தெரியும். பயந்துபோய்த் தொட்டேன். வங்கியின் பக்கம் போலவே ஒன்று திறந்தது. ஏடிஎம் அட்டையின் எண்ணைக் கேட்டது. அதே நேரத்தில் போன் வந்தது. பார், எவ்வளவு கச்சிதம். பயத்தை ஒருவன் அனுப்புகிறான், அது ஆறுவதற்குள் ஆறுதல் சொல்ல இன்னொருவன் வருகிறான்.

"வணக்கம் அம்மா, வங்கியின் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறேன். நாங்கள் அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்துவிட்டீர்களா?" என்றது குரல். இளம் பையன். வானொலிச் செய்தி வாசிப்பது போல் சுத்தமான தமிழ்.

"தெறந்துட்டேன் சார். எழுத்து பொடிசாத் தெரியுது. கண்ணாடிய எங்கன வச்சேன்னு தெரியல, கொஞ்சம் இருங்க" என்று மிஷின் மேலும் துணிக்குவியலிலும் துழாவினேன்.

"தலையில பாருங்கம்மா. அங்கனதான் ஏத்தி விட்டுருப்பீக."

தலையில்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்துவிட்டான். அந்த ஒரு வரியில் அவனுடைய வானொலித் தமிழ் கழன்று விழுந்ததை அவனே கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். நம் பக்கத்து மனுஷர்கள் கவனித்ததும் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன்.

"ஏய்யா, நீ நம்ம பக்கத்துப் பிள்ளையா? எந்த ஊரு?"

அவனுக்குப் பின்னால் ஏகப்பட்ட குரல்கள். மீன் ஏலம் நடக்கும் இடம்போல ஒரே இரைச்சல். ஆனால் எல்லாரும் தனித்தனியாகப் போனில் பேசுகிறார்கள், ஆளுக்கொரு மொழியில்.

"சாயல்குடிங்க" என்றான். கேட்டால் பதில் சொல்லியே பழகிய வாய்.

"அங்கன யாரு மகன்?"

"அம்மா உப்பளத்துக்குப் போகுது."

அவ்வளவுதான் தம்பி. அதற்கு மேல் எனக்கு எந்தச் சான்றும் தேவைப்படவில்லை. ஊர் தெரிந்துவிட்டது, தாய் தெரிந்துவிட்டது, நம்ம பிள்ளை. "நல்லா இருப்பா ராசா, இந்தா எழுதிக்க" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்து எண்களை வாசிக்க ஆரம்பித்தேன். ஒரு திருடனுக்கு வாழ்த்துச் சொல்லிச் சாவியை நீட்டினேன். பாதி எண் சொல்லியிருப்பேன்.

"போதும்மா." குரல் கீழே போய்விட்டது. மேசைக்கு அடியில் குனிந்து பேசுவது போல இருந்தது. "சொல்லாதீக. அந்தப் பக்கத்த மூடிருங்க. நான் பேங்க்ல இல்ல."

"என்னய்யா சொல்ற?"

"வேலைன்னு கூட்டியாந்து இங்கன அடைச்சு வச்சிருக்காகம்மா. பாஸ்போர்ட்டப் புடுங்கிக்கிட்டாக. பேசலைன்னா அடிப்பாக. எங்க அம்மாட்ட மட்டும் சொல்லிறாதீக, தாங்காது." உடனே குரல் உயர்ந்தது. "மன்னிக்கவும் அம்மா, தவறான எண். நன்றி." போன் அணைந்தது.

நான் உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தேன். மிஷினில் பாதி தைத்த சட்டைக் கை தொங்கிக்கொண்டிருந்தது. பணம் எனக்கு நினைவுக்கே வரவில்லை. யாரோ ஒரு பிள்ளை தான் வாங்கப்போகும் அடியைத் தெரிந்துகொண்டே என்னைக் காப்பாற்றியிருக்கிறான். அவனுக்கு நான் யார்? கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுத் தேடும் ஒரு கிழவி. அவன் அம்மாவும் அப்படித் தேடுவாள் போலிருக்கிறது.

எழுந்து வங்கிக்கு நடந்தே போனேன். அந்தக் கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் பேசவில்லை, அந்த நீலப் பட்டையை மறுபடி தொடவில்லை. வழக்கமாகப் போகும் வாசல் வழியாகப் போய், வழக்கமாகப் பார்க்கும் அந்த மேனேஜரம்மாவிடம் சொன்னேன். அவர் அட்டையை முடக்கினார். "நாங்க எப்பவும் போன்ல நம்பர் கேக்க மாட்டோம்மா. அவசரப்படுத்துறவன் யாரா இருந்தாலும் வச்சிட்டு நேரா இங்க வந்துருங்க" என்றார். கணக்கில் இருந்தது அப்படியே இருந்தது. எனக்குத்தான் எதுவும் அப்படியே இல்லை.

மாலையில் உன் தங்கை பள்ளியிலிருந்து வந்து அந்த மின்னஞ்சலைத் திறந்தாள். பரீட்சைத் தாள் திருத்துவதுபோல விரல் வைத்து வாசித்தாள். அனுப்பியவர் பெயர் வங்கியுடையது. அந்தப் பெயரைத் தொட்டதும் உள்ளே இருந்த முகவரி வேறு எவனுடையதோ. "மேல சட்டை நம்ம பேங்க் சட்டைம்மா, உள்ள ஆளு வேற" என்றாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாலைக்குள் என்று ஏன் விரட்ட வேண்டும்? கிளைக்கு வாருங்கள் என்று ஏன் சொல்லவில்லை? என் பெயரைக்கூடப் போடாமல் 'அன்பான வாடிக்கையாளரே' என்று ஏன் ஆரம்பிக்க வேண்டும்? சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அம்மா, அண்ணன் தனக்கு வந்த வேலைக் கடிதத்தையும் பிரிண்ட் எடுக்க உங்க மெயிலுக்குத்தான அனுப்பினான்?"

அதையும் திறந்தாள். அய்யா அப்போதுதான் தனுஷ்கோடிச் சவாரி முடித்து வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அவர் காதில் விழும்படி அவள் வாசித்தாள். பெரிய நிறுவனத்தின் பெயர் மேலே. உள்ளே இருந்த முகவரி எவரும் இலவசமாகத் திறந்துகொள்ளும் முகவரி. மாலைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். நண்பர்களிடம் சொல்ல வேண்டாம், இடங்கள் குறைவு. டிக்கெட் இலவசம். இப்போதைக்குச் சுற்றுலா விசாவில் வந்தால் போதும், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம். வேலை என்னவென்று கேட்டால், கணினியில் தட்டச்சு, வாடிக்கையாளர்களுடன் போனில் பேச்சு. தமிழ் சரளமாகத் தெரிந்திருப்பது கூடுதல் தகுதி.

தம்பி, அந்தக் கடைசி வரியை நான் எத்தனை பெருமையோடு ஊரெல்லாம் சொன்னேன்! வெளிநாட்டுக்காரன் நம் தமிழுக்குச் சம்பளம் கொடுக்கிறான் என்று. அந்தத் தமிழ் அவனுக்கு எதற்கு என்று அன்று முற்பகல்தான் என் காதாலேயே கேட்டிருந்தேன். அய்யா சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார்.

உன்னை நான் எப்படிக் குறை சொல்வேன்? உனக்கு அந்த வேலையை ஏற்பாடு செய்யும் அண்ணனிடம் ஸ்பீக்கர் போட்டுப் பேசியது நான்தானே. "எந்த ஊருப்பா?" என்றேன். "பரமக்குடிப் பக்கம்தாம்மா, உங்க பிள்ளை என் தம்பி மாதிரி" என்றான். அவ்வளவு போதுமாக இருந்தது எனக்கு. அடுத்த கேள்வி கேட்கவில்லை. "நம்ம பக்கத்து ஆளு, நம்பிப் போடா" என்று உன்னிடம் சொன்ன வாய் இதே வாய். ஊர் கேட்டுத் தெரிந்துகொண்டால் ஆளைத் தெரிந்துகொண்டதாக நினைப்பது நம் வழக்கம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரிடமும் அதைத்தான் கேட்கிறோம். அந்த வழக்கம் அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் நம்மைப் பிடிக்க நம் பிள்ளைகளையே பிடித்துப் போகிறார்கள். ஒரே தூண்டில்தான், தம்பி. என்னிடம் அந்தப் பையனைப் பேச வைத்ததும் அதுதான், உன்னைக் கூப்பிடுவதும் அதுதான்.

நீ விவரம் இல்லாதவன் இல்லை. ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூட்டுத் திருவிழாவுக்குப் போயிருந்தபோது உனக்கு ஐந்து வயது. கூட்டத்தில் என் கையை விட்டுவிட்டாய். பலூன் வைத்திருந்த ஒருவன், "வா, ஒங்க அம்மா அங்கன தேடுது" என்று உன் தோளில் கை வைத்தான். நீ நகரவில்லை. "எங்க அம்மா பேரு என்ன?" என்று கேட்டாய். அவன் விழித்தான், நீ அலறினாய், கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் அந்தக் கதையை எல்லாருக்கும் நடித்துக் காட்டினாய்.

அய்யா ஏமாந்த கதையும் உனக்கு நினைவிருக்கும். சவாரி வந்தவர்கள் இறங்கும்போது, பணம் அனுப்பியாகிவிட்டது என்று தங்கள் போனைக் காட்டினார்கள். பச்சை நிறத்தில் குறி இருந்தது. அய்யா கும்பிட்டு வழியனுப்பி வைத்தார். பணம் வரவே இல்லை. நீதான் அன்று அவருக்குப் பாடம் எடுத்தாய். "அவன் காட்டுற போனப் பாக்காதீகய்யா, உங்க போன்ல வந்துச்சான்னு பாருங்க. வாங்குறதுக்கு ரகசிய எண்ணு போடச் சொன்னா அது வாங்குறது இல்ல, குடுக்குறது." அந்தப் பாடத்தை அவர் இன்றுவரை மறக்கவில்லை. இப்போது அந்த அண்ணன் உனக்குக் காட்டிய கண்ணாடிக் கட்டடம், தங்கும் அறை, நீச்சல் குளம் எல்லாம் யாருடைய போனில் பார்த்தாய்? அவன் போனில்தானே. உன் கண்ணால் எதைப் பார்த்தாய்?

இனி நடந்ததுதான் எனக்குச் சொல்லக் கடினமானது. அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று அந்தப் பையன் கெஞ்சினான். சொல்வதா வேண்டாமா என்று அய்யாவுக்கும் எனக்கும் இரண்டு நாள் வாக்குவாதம். "சொல்லாதன்னு சொன்ன பிள்ளைய காட்டிக் குடுக்கணுமா?" என்றார் அவர். "நம்ம மகன் அங்கன கெடந்து, தெரிஞ்சவ ஒருத்தி எங்கிட்டச் சொல்லாம இருந்தா அவள நான் மன்னிப்பேனா?" என்றேன். ஞாயிற்றுக்கிழமை உன் தங்கையையும் கூட்டிக்கொண்டு சாயல்குடிக்குப் பஸ் ஏறினேன்.

உப்பளத்தில் கேட்டதும் காட்டிவிட்டார்கள். மகன் வெளிநாட்டில் கணினி வேலை பார்ப்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். பாத்தியில் உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார். காலில் வெடிப்பு, வெள்ளையில் கண் கூசாமலிருக்கத் தலைத்துணியை நெற்றிவரை இழுத்திருந்தார். மகனைப் பற்றி வந்திருக்கிறோம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"எம்மவன்கூட வேலை பாக்குற பிள்ளையோட ஆளுகளா தாயி? நல்லா இருக்கானா? வாரத்துக்கு ஒருக்கா போன் போடுவான். மொகத்தக் காட்டுவான், ஆனா எப்பவும் பின்னால அதே செவரு. 'ஏலே, நீ இருக்குற தெருவக் காட்டுறா, நானும் வெளிநாடு பாத்துக்கிறேன்'ன்னா, நெட்டு கெடைக்காதும்மாம்பான். அப்படி என்ன தாயி ஊரு, செவத்துக்கு அங்கிட்டு நெட்டு கெடைக்காத ஊரு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். உன் தங்கைதான் அவர் கையைப் பிடித்து நிழலுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கண்ணாடி தலையில் இருப்பதாக அவன் சொன்னதையும் சொன்னாள். அந்த அக்கா அழவில்லை. தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அவன்தான்" என்றார். "நான்தான் அப்படித் தேடுவேன்."

அன்றே அவரைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் போனோம். காவல்துறையில் இணையக் குற்றங்களைப் பார்க்கும் பிரிவில் எழுதிக் கொடுத்தோம். பொறுமையாகக் கேட்டார்கள். வெளிநாட்டுச் சங்கதி, மேலே அனுப்பி அந்த நாட்டிலுள்ள நம் தூதரகம் வழியாகத்தான் பார்க்க வேண்டும், நாளாகும் என்றார்கள். வேலைக்கு அனுப்புகிற ஆள் அரசாங்கத்தில் பதிவு செய்தவர்தானா என்று கிளம்புவதற்கு முன்னால் விசாரித்திருக்க வேண்டும், கேட்டால் நாங்களே பார்த்துச் சொல்வோமே என்றார்கள். உன்னை அழைத்த அண்ணனின் எண்ணையும் கொடுத்துவிட்டு வந்தேன். நீ கோபப்படுவாய் என்று தெரிந்துதான் கொடுத்தேன்.

நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். ஐந்து வயதில் கேட்டாயே, அது மாதிரி ஒரு கேள்வியை அந்த அண்ணனிடம் கேள். முன்பே அங்கே போய்ச் சேர்ந்த நம் பக்கத்துப் பிள்ளை ஒருவனை வீடியோவில் வரச் சொல். அவன் சிரிக்கலாம், சம்பளம் நல்ல சம்பளம் என்று சொல்லலாம். அதெல்லாம் வேண்டாம். போனைக் கையில் பிடித்தபடி எழுந்து நடக்கச் சொல். அறையைத் தாண்டி, வாசற்கேட்டைத் தாண்டி, தெருவுக்கு வந்து ஒரு கடையில் டீ வாங்கிக் குடிக்கச் சொல். குடித்தான் என்றால் எனக்குச் சொல், அப்புறம் உட்கார்ந்து பேசுவோம். அதற்குப் பிறகும் காவல்துறையில் விசாரித்து, முறையான வேலை விசா வந்த பின்தான் பயணம். ஆனால் அவன் நடக்க மாட்டான், தம்பி. நெட்டு கிடைக்காது என்பார்கள், நேரமில்லை என்பார்கள், எங்களைச் சந்தேகப்படுகிறாயா என்று கோபிப்பார்கள். கோபித்தால் தெரிந்துகொள். யோக்கியமான வேலைக்காரனுக்கு ஒரு டீ குடிப்பதில் என்ன கஷ்டம்?

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் அந்த அக்காவும் நாங்களும் நின்றோம். அவருக்குத் தெற்கே பஸ், எங்களுக்குக் கிழக்கே. உன்னைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் என் முழங்கையைத் தொட்டார்.

"ஒன் மகனப் போகவிடாத தாயி. கால்ல விழுந்தாச்சும் நிப்பாட்டு." பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒருவேள ஒஞ்சொல்லுக் கேக்காமப் போயிட்டான்னா, எம்மவன அங்கன பாத்தா, சாப்ட்டியாடான்னு நான் கேட்டதாக் கேக்கச் சொல்லு."

அவருடைய பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். உன் தங்கை அங்கேதான் அழுதாள், நடுத்தெருவில், எல்லாரும் பார்க்க. இப்போது இந்த வரியை எழுதும்போதும் பேனாவை வைத்துவிட்டாள்.

அந்தத் தாய் சொல்லியனுப்பியதை மறைக்க எனக்கு உரிமையில்லை என்பதால் எழுதிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நீ அங்கே போகக் கூடாது. அந்தப் பையன் இங்கே வந்து, அவன் அம்மாவே அவனிடம் கேட்கட்டும்.

அய்யா இந்நேரம் டீயைக் குடித்திருப்பார். அவர் சட்டைப் பையில் ஊருக்குத் திரும்ப இரண்டு டிக்கெட் இருக்கிறது. ஒன்றில் உன் பெயர். உன்னைக் கேட்காமல் எடுத்ததற்கு நீ கோபிக்கலாம். கோபி, தம்பி. வீட்டுக்கு வந்து என் முகத்துக்கு நேராகக் கோபி.

அம்மா